பஸ் ஓட்டும் ஓர்லீனா ஸ்கோப் வாங்கிய கதை

எங்கள் கென்டக்கி மலைப் பக்கத்தில் பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் ஓர்லீனா கேம்ப்ரல். நான் அதே பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். அவள் வீடும் என் வீடும் ஓடைக்கு இந்தக் கரை, அந்தக் கரை. என் கார் பாதி நாள் கிளம்பாது. அதனால் விடிகாலையில் அவள் பஸ்ஸின் முதல் சீட்டில் நானும் ஏறிக்கொள்வேன். பதினேழு மைல் பாதை, முப்பத்தொரு பிள்ளைகள், வளைவுகளை எண்ணி முடித்தவர் யாரும் இல்லை.

இருபத்தொன்பது வயது வரை அவள் டவுனில் இருந்த தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். ஆலையை மூடினார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தபோது இவள் அடுத்த வாரமே பஸ் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள். சோதனை நாளன்று அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓர்லீனா வண்டியைக் கிளப்பவே இல்லை. சீட்டை முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள், ஏற்றினாள், இறக்கினாள். பிறகு கீழே இறங்கிப் போய் ஏழு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி இறங்கினாள். இருபது நிமிஷம் ஓடிவிட்டது.

"ஏம்மா, இன்னிக்குள்ள கிளம்பிடுவோமா?" என்றார் அதிகாரி.

"எனக்குப் பின்னாடி தெரியலேன்னா, ஆத்துல விழறப்ப நீங்களும் என்கூடத்தான் சார் இருப்பீங்க" என்றாள் இவள்.

அவர் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். லைசென்ஸ் கிடைத்தது.

ஒரு பிப்ரவரி மாதம், ஐஸ் கட்டிய பாதையில், மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் எதிரே வந்து நின்றுவிட்டது. அந்த லாரியால் பின்னால் போக முடியாது. ஓர்லீனா முக்கால் மைல் தூரம் பஸ்ஸைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனாள். இடது பக்கம் பாறை, வலது பக்கம் நாற்பது அடிப் பள்ளம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவுக்கும் கை தட்டினார்கள். இறங்கும்போது அவளிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "கண்ணாடியில எல்லாம் தெரியுதே வெர்னா, அப்புறம் என்ன பயம்?" என்றாள். அப்படிப்பட்டவள்.

ஆனால் துப்பாக்கி என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கென்டக்கி மலையில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் அப்பா தேனீ வளர்த்தார், சர்ச்சில் பாடினார், வேட்டைக்குப் போனதே இல்லை. கல்யாணம் ஆனது ரோஸ்கோவோடு. ரோஸ்கோ வேட்டைப் பைத்தியம். அவனுக்கு ஒஹாயோ ஆற்றில் படகு வேலை; இருபத்தெட்டு நாள் படகில், இருபத்தெட்டு நாள் வீட்டில். வீட்டில் இருக்கும் நாளில் காட்டில் இருப்பான். அவன் சிறுவயதில் சுட்ட சின்னத் துப்பாக்கி ஒன்று இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. 'இருபத்திரண்டு' என்போம். அணிலுக்கும் முயலுக்கும் உள்ளது. தோட்டா சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

அவர்கள் மகள் டெல்சிக்குப் பதினொரு வயதானதும் எங்கள் கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், பிள்ளைகள் சங்கத்தில் துப்பாக்கி வகுப்பில் சேர்ந்தாள். சோளத்தட்டை மாதிரி ஒல்லியான பெண். வாய் மட்டும் பெரியது. பாதுகாப்புப் பாடத்தில் அவள்தான் முதல். குழல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், தோட்டா இல்லை என்று எப்படி இரண்டு முறை பார்க்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். அப்பாவுக்கே திருத்தம் சொன்னாள். சுடுவதுதான் வரவில்லை.

வரவில்லை என்றால், கொஞ்சநஞ்சம் இல்லை. ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை பத்துத் தோட்டா சுட்டாள். அவள் தாளில் மூன்று ஓட்டை. பக்கத்தில் சுட்ட பையனின் தாளில் பதினேழு ஓட்டை. அவன் திரும்பி, "ரொம்ப நன்றி டெல்சி, ஏழு பாயின்ட் குடுத்திருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெல்சியும் சிரித்தாள். கார் நிறுத்தும் இடம் வரை சிரித்துக்கொண்டே வந்து, பிறகு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இடது கண்ணை மூடு, இடது கண்ணை மூடுன்னு கோச் கத்துறாரும்மா. மூடித்தான் பாக்குறேன். முடியல. மூடினா எல்லாமே மங்கலா ஆயிடுது."

அந்தக் கண்ணை மூட அவள் படும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி முகம் முழுக்கச் சுருங்கும். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழியும்.

"ஸ்கோப் போட்டா சரியாயிடும்" என்றான் ஹெர்ஷல். துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கிக் குழலைத்தான் சொன்னான். ஹெர்ஷல், ரோஸ்கோவின் அண்ணன். எதைப் பற்றிக் கேட்டாலும் தெரியும், கேட்காவிட்டாலும் சொல்வான். அந்த ஞாயிற்றுக்கிழமையே, மான் வேட்டைக்குத் தான் வைத்திருந்த ஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, இப்போது டெல்சி சுடும் அந்தச் சின்னத் துப்பாக்கியில் மாட்டினான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். துப்பாக்கி எலி போல இருந்தது. அதன் மேல் பூனை ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது ஸ்கோப்.

"என்ன சிரிப்பு வெர்னா? முன்னூறு டாலர் சாமான் இது."

"அதான் ஹெர்ஷல், துப்பாக்கிக்கு மூச்சு முட்டுது பாரு."

கொட்டகைக்குப் பின்னால் உயரமான களிமண் மேடு இருக்கிறது. அங்கே இருபத்தைந்து கெஜத்தில் தாளைக் குத்திவைத்தான். டெல்சி மேசையில் சாய்ந்து, கழுத்தை ஆமை போல நீட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, கறுப்பா இருக்கு."

"கண்ணைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு போ."

"இப்ப பாதி நிலா மாதிரி தெரியுது."

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப தெரியுது. ஆனா சோப்புத் தண்ணிக்குள்ள தெரியுது."

சுட்டாள். ஐந்து தோட்டா, ஐந்து திசை. ஹெர்ஷல் தலையை ஆட்டினான். "கை நடுங்குது இவளுக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். டெல்சி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஓர்லீனா மேசைக்கு வந்தாள். மகள் சொல்லிக் கொடுத்தபடி தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு துப்பாக்கியின் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தலையை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் நகர்த்தினாள்.

"ஹெர்ஷல், இதுக்குள்ள தெரியுற குறுக்குக் கோடு ஊருது."

"கோடு எப்படி ஊரும்? உன் தலைதான் ஊருது."

"அதத்தான் நானும் சொல்றேன். துப்பாக்கி மேசையில அசையாம கெடக்கு. நான் தலையை நகர்த்தினா கோடு தாளைவிட்டே வெளிய போகுது. அப்ப பிள்ளை எங்க குறி வெப்பா?"

ஹெர்ஷல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நூறு கெஜத்துக்கு மேல பாத்தா ஊராது. அதுக்குன்னு செஞ்ச ஸ்கோப் இது. இவ்வளவு பக்கத்துல..."

"மானுக்குன்னு செஞ்சதை அணிலுக்கு மாட்டியிருக்க. அப்புறம் என் பொண்ணு கை நடுங்குதுன்னு சொல்ற."

"ஏ ஓர்லீனா, நீ பஸ் ஓட்டுறவ."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். கண்ணாடியைத் திருப்புறதுக்கு முன்னாடி சீட்டைச் சரி பண்ணணும். டெல்சிக்கு இன்னும் சீட்டே சரியில்ல. கழுத்தை எப்படி நீட்டுறான்னு பாத்தியா? அவ அப்பன் வாங்கினப்ப அவனுக்குப் பதினாலு வயசு. தோள்ல வெக்கிற இந்த மரக்கட்டை அவளுக்கு நீளம்."

அன்று சாயங்காலம் ஆற்றில் இருந்த ரோஸ்கோவுக்குப் போன் போட்டாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில்தான் பேசினாள், சண்டை வந்தால் சாட்சி வேண்டுமாம்.

"ரோஸ்கோ, உன் துப்பாக்கியோட கட்டையை ரம்பத்தால அறுக்கப் போறேன்."

படகு எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"ஒண்ணேகால் அங்குலம். அவ முழங்கையை மடிச்சு அதுல கட்டையை வெச்சு அளந்தேன். அவ விரல் சுடுற குதிரைக்கு எட்ட மாட்டேங்குது."

"அறு. ஆனா அறுத்த துண்டைத் தூக்கிப் போட்றாத. அவ வளந்ததும் திருப்பி மாட்டிடலாம்." பிறகு சொன்னான், "நேரா அறு. ஹெர்ஷலை அறுக்க விடாத."

"அவன் வந்தா ரம்பத்தை ஒளிச்சு வெச்சிருவேன்."

காலர் தைத்த கை. கோடு போட்டு, டேப் ஒட்டி, நூல் பிடித்த மாதிரி அறுத்தாள். மரத்தூளை ஊதிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவினாள். கட்டையின் முனையில் இருந்த பழைய தகட்டைத் திரும்ப வைத்துத் திருகினாள். டெல்சி தோளில் வைத்துப் பார்த்தாள். கழுத்து ஆமை போல நீளவில்லை. "அம்மா, இது இப்ப என்னுது மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். ஓடிஸ் பிரஷியரின் கடையில் ஆணி முதல் மாட்டுத் தீவனம் வரை எல்லாம் உண்டு. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் ஸ்கோப்புகள். பெட்டிக்கு எதிரே ஒரு பெஞ்சு. அதில் எதையும் வாங்காத நாலு கிழவர்கள். ஓடிஸ் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. எங்களைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"மிஸ் ஓர்லீனா, இது போட்டா நிலாவுல இருக்கிற முயலையும் சுடலாம். இருநூத்தி அறுபது."

"எங்க முயல் எல்லாம் ஓடை ஓரத்துலதான் இருக்கு. என்கிட்ட நூறு டாலர் இருக்கு, மாட்டுற வளையத்தையும் சேத்து."

பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஓர்லீனா பஸ் பாதைப் படிவத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்தாள். "ஒண்ணு, பக்கத்துல பாத்தா தெளிவா தெரியணும், தலையை ஆட்டினா கோடு ஊரக் கூடாது. ரெண்டு, பிள்ளை கண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படி வெச்சாலும் கறுப்பா ஆகக் கூடாது. மூணு, எடை குறைவா இருக்கணும். நாலு, ஒரு தடவை சரி பண்ணினா சொன்ன இடத்துல நிக்கணும்."

ஓடிஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஹெர்ஷல் ஸ்கோப்புல இதுல ஒண்ணும் இல்ல. அதை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பெஞ்சே குலுங்கியது. ஓடிஸும் சிரித்துக்கொண்டே குனிந்தார். கீழ்த் தட்டின் மூலையில் கையை விட்டு, தூசி படிந்த சின்னப் பெட்டிகளை எடுத்தார். "இருபத்திரண்டுக்குன்னே செஞ்சது இதெல்லாம். ஐம்பது கெஜத்துக்குச் சரி பண்ணி வருது. யாரும் வாங்க மாட்டாங்க. பெருசா இருந்தாத்தான் ஆம்பளைங்களுக்குப் பிடிக்கும்."

ஓர்லீனா விலைச் சீட்டுகளின் மேல் டேப் ஒட்டி மறைத்தாள். மேல் தட்டுப் பெரியதையும் விடவில்லை. அதையும் சேர்த்து நாலு ஸ்கோப். வாசல் கதவைத் திறந்து, வாசற்படியில் கோழித் தீவன மூட்டையை வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தாள். சாலைக்கு எதிரே பால் கடையின் சுவரில் வரைந்த பசு ஒன்று இருக்கிறது. "பசு தெரியுதான்னு பாரு. எது எவ்வளவு விலைன்னு கேக்காதே" என்றாள் மகளிடம்.

டெல்சி மண்டியிட்டுப் பார்த்தாள். முதல் ஸ்கோப்: "ஓரத்துல நீலமா இருக்கு. சோடா பாட்டில் அடியில பாக்குற மாதிரி." இரண்டாவது: "பசுவோட மூக்கு மட்டும் தெரியுது. மூக்கு ரொம்ப நல்லாத் தெரியுது." அதுதான் இருநூற்று அறுபது. மூன்றாவது: "இதுல ஒரு வளையம் இருக்கு, திருப்பினா பசு கிட்ட வருது, தள்ளிப் போகுது. நல்லா இருக்கு." நான்காவதில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னடி?"

"பசு முழுசா இருக்கு. பக்கத்துல போற நாயும் தெரியுது."

ஓர்லீனா ஸ்கோப்பைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டெல்சி, எழுந்திரு. மறுபடி முதல்லேர்ந்து பாரு."

டெல்சி மறுபடி முதல் ஸ்கோப்புக்குப் போனாள். இரண்டாவது. மூன்றாவது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் கண்ணு, எல்லாத்தையும் இடது கண்ணுல பாக்குற?"

டெல்சி விழித்தாள். "எந்தக் கண்ணுல பாத்தேன்?"

"உனக்கே தெரியாதா?"

"இதுலதாம்மா தெரியுது. வலது கண்ணுல பாத்தா மங்கலா இருக்கு, தலை வலிக்குது. வகுப்புல இதைத்தானே மூடச் சொல்றாங்க."

பஸ் ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அங்கே பார்த்திருந்த ஒன்று ஓர்லீனாவுக்கு ஞாபகம் வந்தது. கவுன்டரிலிருந்து ஒரு பெயின்ட் அட்டையை எடுத்து, நடுவில் பேனாவால் குத்தி ஓட்டை போட்டாள். "இதை ரெண்டு கையாலயும் நீட்டிப் பிடி. ரெண்டு கண்ணையும் திறந்து ஓட்டை வழியா பசுவைப் பாரு. பாத்துக்கிட்டே அட்டையை மூக்குக்குக் கிட்டக் கொண்டா."

டெல்சி கொண்டுவந்தாள். அட்டையின் ஓட்டை நேராக இடது கண்ணில் வந்து நின்றது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் இடது கண்.

"வலது கைப் பிள்ளை, இடது கண் பிள்ளை" என்றாள் ஓர்லீனா. "நாம எல்லாரும் சேந்து இவளோட நல்ல கண்ணை மூடச் சொல்லியிருக்கோம்."

பெஞ்சிலிருந்து பைபிள் படத்து ஆபிரகாம் மாதிரி தாடி வைத்த கிழவர் ஒருவர் எழுந்து வந்தார். பெயர் க்ளாய்ட். "அந்த அட்டையை இங்க குடு பாப்பா" என்றார். கையை நீட்டினார், பசுவைப் பார்த்தார், அட்டையை முகத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டை அவருக்கும் இடது கண்ணில் வந்து நின்றது.

"அறுபது வருஷம்! அறுபது வருஷமா மான் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போச்சு. அதுக்குக் காரணம் இதுவா!"

அதன் பிறகு அந்தக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. கிழவர்கள் நாலு பேரும் பார்த்தார்கள். ஆணி வாங்க வந்தவர் பார்த்தார். ஓடிஸ் பார்த்தார். நானும் பார்த்தேன், எனக்கு வலது கண். க்ளாய்ட் மட்டும் சுவர் ஓரமாக நின்று, தான் தவறவிட்ட மான்களின் பெயரைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார் மனிதர்.

டெல்சி நான்காவது ஸ்கோப்பைக் கையிலிருந்து விடவில்லை. டேப்பைப் பிரித்தார்கள். ஐம்பத்தைந்து டாலர். நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மூன்றாவதன் விலை எண்பது.

"வளையம் திருப்புறதை எடுத்துக்கோயேன், ரெண்டுலேர்ந்து ஏழு வரைக்கும் போகும்" என்றார் ஓடிஸ். "நூறுக்குள்ளதானே வருது."

"வேணாம் மிஸ்டர் பிரஷியர்" என்றாள் டெல்சி. "வளையம் இருந்தா திருப்பிக்கிட்டே இருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

ஓர்லீனா அதை எடுத்துக்கொண்டு கடையின் பின்மூலைக்குப் போனாள். அங்கே பல்பு எரியாது. இருட்டில் ஆணிப் பெட்டியின் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள், தெரிந்தது. தலையை ஆட்டிப் பார்த்தாள். கோடு மயிரிழை நகர்ந்ததோ என்னவோ. துப்பாக்கி முதுகின் பள்ளத்தில் உட்காரும், ஸ்கோப்பைப் பிடிக்கும் குறுகிய வளையங்களையும் வாங்கினாள். கடையிலேயே மாட்டித் தருகிறேன் என்றார் ஓடிஸ்.

"வேணாம். பிள்ளை வசதியா சாஞ்சு படுத்ததும் அவ கண் எங்க நிக்குதோ, அதுக்கு நேரா ஸ்கோப்பை நகர்த்தி வெக்கணும். கடையில வெச்சா உங்க கண்ணுக்குத்தான் சரியா இருக்கும்."

மறுநாள் களிமண் மேட்டுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கூடினோம். ஹெர்ஷலும் வந்தான், யாரும் கூப்பிடாமலே. டெல்சி முதல் முறையாக இடது தோளில் துப்பாக்கியை வைத்தாள். கை பழகவில்லை. குதிரை இடது விரலுக்கு விநோதமாக இருந்தது. தோட்டா போடும் கைப்பிடி வலது பக்கம் இருந்ததால், ஒவ்வொரு தடவையும் வலது கையை மேலே கொண்டுபோய்த் தள்ள வேண்டியிருந்தது. முதல் தோட்டாவைப் போடவே மூன்று நிமிஷம்.

"இப்படி ஒரு கூத்தை நான் பாத்ததில்ல" என்றான் ஹெர்ஷல்.

"பாக்காம போயிடுவியோன்னுதான் காட்டுறேன்" என்றாள் ஓர்லீனா. அவள் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, மகளின் கண்ணுக்குப் படம் முழுசாக வந்த இடத்தில் திருகாணியை இறுக்கினாள்.

டெல்சி முகத்தைச் சுருக்கவில்லை. இரண்டு கண்களும் திறந்தே இருந்தன. ஐந்து முறை சுட்டாள். நாங்கள் நடந்து போய்ப் பார்த்தோம். ஐந்து ஓட்டையும் வட்டத்துக்கு வெளியே, கீழே, வலது மூலையில் இருந்தன.

ஹெர்ஷல் குனிந்து தாளைப் பார்த்தான். ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு அரை டாலர் காசால் மூடிவிடுகிற மாதிரி இருந்தன.

"இடம்தான் தப்பு" என்றான் மெதுவாக. "சுட்டது தப்பில்ல. இது... நல்ல சூடு."

அவன் மனசாரச் சொன்னான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடித்தது. ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குறியைச் சரி செய்யும் வேலையை அவனிடமே கொடுத்தாள் ஓர்லீனா. முதல் தடவை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டான். தோட்டா இன்னும் கீழே போய்க் களிமண்ணில் விழுந்தது. டெல்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் தடவை நடுவுக்கு வந்தது. பிறகு ஓர்லீனா, மலிவு ஸ்கோப் சொன்ன சொல் கேட்கிறதா என்று பார்க்க, திருகை எண்ணி மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று சதுரமாகத் திருப்பி ஒவ்வொரு மூலைக்கும் சுடச் சொன்னாள். கடைசித் தோட்டா, திருப்பத் தொடங்குமுன் பட்ட இடத்திலேயே பட்டது.

அக்டோபரில் கவுன்டிப் போட்டி. முப்பத்து நான்கு பிள்ளைகள். டெல்சி எண்பத்தாறு எடுத்தாள், ஆறாம் இடம். ஜூலையில் அவள் எடுத்தது பத்தொன்பது. பக்கத்து வரிசையில் அதே பையன்தான் வந்தான். சுட்டு முடித்ததும் தன் தாளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஒண்ணும் குடுக்கலையா?" என்றான். "தீந்துபோச்சு" என்றாள் டெல்சி. கோச் ஓர்லீனாவிடம் வந்து, தான் முதலிலேயே கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஓட்டை அட்டையைக் கொடுக்கிறார். க்ளாய்டும் இடது தோளுக்கு மாறினார். இன்னும் மான் கிடைக்கவில்லை. ஆனால் மான்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்.

ரோஸ்கோ படகிலிருந்து திரும்பிய வாரம், விடிகாலையில் காட்டுக்குப் போகலாம் என்று மகளைக் கூப்பிட்டான்.

"அம்மாவும் வரணும்" என்றாள் டெல்சி.

"அவளுக்கு அங்க என்ன வேலை?" என்றான் ரோஸ்கோ.

"உனக்குத் தெரியாதுப்பா. நீ அப்ப ஆத்துல இருந்தே."

மூவரும் போனார்கள். ஓர்லீனா பின்பு எனக்குச் சொன்னது இது. கொட்டை காய்க்கும் ஹிக்கரி மரத்தடியில், பனியில் நனைந்த இலைகளின் மேல், மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து அணில் கொட்டை உடைக்கும் சத்தம் கேட்டது, தோல் துணுக்குகள் தொப்பியின் மேல் விழுந்தன. டெல்சி துப்பாக்கியைத் தூக்கி, ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் சுடவில்லை. ரோஸ்கோ பொறுமையிழந்து அவள் தோளைத் தொட்டான்.

"இருப்பா" என்று முணுமுணுத்தாள். "அது கொட்டையைக் கையில வெச்சுச் சுத்திச் சுத்திப் பாக்குது. எந்தப் பக்கம் கடிக்கலாம்னு யோசிக்குது. மீசை கூடத் தெரியுது."

அந்த அணில் தின்று முடித்து வேறு கிளைக்குப் போய்விட்டது. டெல்சி அதைச் சுடவில்லை. அதற்குப் பின் வந்த இரண்டையும், ஒன்றுக்கு ஒரே தோட்டா என்று சுட்டு வீழ்த்தினாள்.

மத்தியானம் ஓடையைத் தாண்டி மணம் வந்தது. கூப்பிடுவதற்கு முன்னாலேயே நான் தட்டோடு போய் நின்றேன். சோள ரொட்டி, கெட்டி வெள்ளைக் குழம்பில் அணில் கறி, வதக்கிய ஆப்பிள். சமைத்தது ரோஸ்கோ. ஓர்லீனா நாற்காலியில் சாய்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு, டெல்சி ஒன்பதாவது தடவையாக அந்த அணிலின் மீசையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.